டிராம்போனைப் பாடவைத்த ஜாக் டீகார்டன்: காலம் தவறிய ஒப்பந்தத்தால் கைநழுவிய செல்வம்

ஜாஸ் இசைக்குழுக்களில் ஒருகாலத்தில் துணைக்கருவியாகவே கருதப்பட்ட டிராம்போனை, மனிதக் குரலுக்கு நிகராகப் பாடவைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் கலைஞர் ஜாக் டீகார்டன். பாடகராகவும் பாடலாசிரியராகவும் விளங்கிய அவருக்குப் புகழ் கிட்டிய அளவுக்குப் பொருள் கிட்டவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தின் வெர்னான் நகரில் 1905 ஆகஸ்ட் 20 அன்று அவர் பிறந்தார். சிறுவயதில் டிராம்போனின் சறுக்குக் குழலை முழுமையாக நீட்ட அவரது கைகள் எட்டவில்லை. ஆகவே, உதடுகளின் அழுத்தத்தால் சுரங்களை எழுப்பப் பழகினார். அதுவே பின்னாளில் அவரது தனி முத்திரையாயிற்று. 1918-இல் தந்தை மறைந்தபின், மௌனப்பட அரங்குகளில் பியானோ வாசித்த தாயார் ஹெலனுடன் இணைந்து வாசித்தார்.

1927-இல் நியூயார்க் சென்றடைந்தார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக ஒலிப்பதிவு செய்வது அரிதாயிருந்த 1929-இல், லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் இசைத்தட்டுக்கு வாசித்தார். 1931-இல் 'பேசின் ஸ்ட்ரீட் புளூஸ்' பாடலுக்கு கிளென் மில்லருடன் சேர்ந்து புதிய வரிகள் எழுதினார். எனினும், அதற்குரிய பெயர் இருவருக்கும் கிடைக்கவில்லை.

பொருளாதாரப் பெருமந்தம் நீடித்த 1933-இல், நிலையான ஊதியத்தை நாடி பால் வைட்மன் இசைக்குழுவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1935-இல் பென்னி குட்மன் வாயிலாக ஸ்விங் இசை நாடெங்கும் பரவியபோது, ஒப்பந்தம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. 1939-இல் சொந்தமாகப் பெரிய இசைக்குழுவைத் தொடங்கியபோது, களத்தில் மற்றவர்கள் வேரூன்றியிருந்தனர். கடன்சுமையோடு 1946-இல் அக்குழு கலைந்தது.

மறு ஆண்டே ஆம்ஸ்ட்ராங்கின் 'ஆல் ஸ்டார்ஸ்' குழுவில் இணைந்து, 1951 வரை வாசித்தார். பிறர் தலைமையில் வாசித்த அந்த ஆண்டுகளே அவரது கலையை மீட்டெடுத்தன. பின்னர் மீண்டும் தனிக்குழு அமைத்தார். 1958-59-இல் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவுடன் அக்குழு மேற்கொண்ட ஆசியப் பயணத்தில் இந்தியாவும் இடம்பெற்றது.

1963-இல் மான்டெரி ஜாஸ் விழாவில் தாயார் ஹெலன், தம்பி சார்லி, தங்கை நார்மா ஆகியோருடன் ஒரே மேடையில் வாசித்தார். சில மாதங்களில், 1964 ஜனவரி 15 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகர விடுதி அறையொன்றில் 58-ஆவது வயதில் காலமானார்.