மேரி வர்கீஸ்

மேரி வர்கீஸ் (1925 - 1986) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர். இந்தியாவில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவர் ஆவார்.

இளமையும் விபத்தும்

கொச்சியில் பிறந்த மேரி, வேலூரில் மருத்துவம் பயின்றார். 1954 ஆம் ஆண்டு உடன் பணியாற்றியோருடன் சென்ற வண்டி விபத்துக்குள்ளானதில் இவரது தண்டுவடம் சிதைந்தது. மூளைக்கும் கால்களுக்கும் இடையிலான நரம்புச் செய்திகள் தண்டுவடம் வழியாகவே செல்கின்றன. எனவே இவரது கால்கள் இயக்கமும் உணர்ச்சியும் இழந்தன. கைகளுக்கான நரம்புகள் காயத்திற்கு மேலே, கழுத்துப் பகுதியில் பிரிவதால் கைகள் பாதிக்கப்படவில்லை.

அறுவை மருத்துவம்

மருத்துவப் பணி முடிந்துவிட்டதாகக் கருதியிருந்த மேரியை, அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஊக்குவித்தார். வேலூர், திருவண்ணாமலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் தொழுநோய் மிகுந்திருந்தது. அந்நோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றிச் சீராக்கும் அறுவையை அமர்ந்தபடியே செய்ய இயலும். சக்கர நாற்காலியில் இருந்தவாறே மேரி அதனைச் செய்தார்.

மறுவாழ்வுத் துறை

ஆத்திரேலியாவின் பேர்த் நகரிலும், பின்னர் நியூயார்க்கில் ஓவர்டு ரசுக்கிடமும் பயிற்சி பெற்றார். 1963 இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு மையம் 1966 இல் அங்கு நிறுவப்பட்டது. இத்தகைய மையம் இந்தியாவில் அதுவே முதலாவதாகும். தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் சக்கர நாற்காலியில் இயங்கவும் தம் வேலைகளைத் தாமே செய்யவும் இங்கு பயிற்றுவிக்கப்பட்டனர்.

சிறப்புகள்

1972 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. இவரது வாழ்க்கை வரலாற்றை அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் நூலாக எழுதியுள்ளார்.