3 தடவை பெயில் ஆன சிற்பி!

பாரீஸ் போலீஸ் இலாகா குமாஸ்தா ஒருவரின் மகன் ரோடின். பிறந்தது 1840-ல். கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் 3 தடவை பெயில்! வயிற்றுப்பாட்டுக்குக் கட்டிட அலங்கார வேலைக்குப் போனார்.

அங்கே சிமோன் என்ற தொழிலாளி ஒரு சூட்சுமம் சொல்லிக்கொடுத்தார். களிமண் இலை தட்டையாக இருக்கக் கூடாது. நுனி நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு வரணும் என்பதுதான் அது.

அதையே மனித உடம்புக்கும் பயன்படுத்தி, 1877-ல் ஆள் உயரச் சிலை ஒன்றைக் கண்காட்சியில் வைத்தார். தத்ரூபமாக இருந்ததே வினையாகப் போச்சு! உயிருள்ள ஆள் மேல் அச்சு எடுத்துவிட்டார் என்று புகார் கிளம்பியது. மாடலாக நின்ற சிப்பாயின் போட்டோக்களைக் காட்டியும் எடுபடவில்லை. சக சிற்பிகள் பரிந்து பேசிய பிறகே களங்கம் நீங்கியது. 1880-ல் பிரெஞ்சு சர்க்காரே அந்தச் சிலையை விலைக்கு வாங்கியது.

முகவாயில் கை வைத்து யோசிக்கும் மனிதன் சிலையை உலகமே அறியும். அதைச் செய்தவரும் இவர்தான். 1917-ல் காலமானார்.