பத்மாக் கரையில் முடிந்த பாதை

கல்கத்தாவுக்குப் படிக்க வந்த முதலாண்டில், விடுதியிலிருந்த வங்க நண்பர் ஒருவர் என்னை வற்புறுத்திப் பழைய படம் ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். மொழி பாதிதான் விளங்கிற்று. ஆயினும் ஒரு காட்சியில் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ரயில் பாதையின்மேல் கேமரா விரைந்து ஓடுகிறது. கூட்டுக் குரலில் ஓர் இறைஞ்சல் ஓங்கிக்கொண்டே போகிறது. பாதை முடியுமிடத்தில் குறுக்கே நிற்கும் தடைக்கட்டை நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. உடனே திரை முழுவதும் இருள்! அப்படம் 1961-இல் வெளியான 'கோமல் காந்தார்'. அதை எடுத்தவர் ரித்விக் கட்டக்.

அவர் 1925 நவம்பர் 4-ஆம் நாள் டாக்காவில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். இளமையைக் கழித்தது பத்மா நதிக்கரையிலுள்ள ராஜ்ஷாஹியில். 1947-இல் வங்கம் இரண்டாகப் பிளவுண்டது. பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் ஒரே நாளில் அயல்நாடாயின. நான் சொன்ன காட்சி நிகழ்வது லால்கோலாவில். எதிர்க்கரைதான் அவருடைய ராஜ்ஷாஹி மாவட்டம்.

இராமநாதபுரத்துக்காரனாகிய எனக்கு அத்தடைக்கட்டை அந்நியமாகத் தோன்றவில்லை. வாலிபத்தில் போட் மெயிலேறி இலங்கை சென்று வந்தவர் என் பாட்டனார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்தது. அதன் பின்னரும் அவர் அந்த ரயிலின் நேரத்தை மறக்கவில்லை.

கட்டக் முதலில் நாடகக்காரர். மக்கள் நாடக மன்றத்தில் ஊறியவர். துண்டுத் துண்டான காட்சிகளை மோதவிட்டுப் புதுப்பொருள் பிறப்பிக்கும் 'மாண்டேஜ்' என்னும் படத்தொகுப்பு முறையை ரஷ்யரான ஐசன்ஸ்டீனிடம் கற்றார். ஐசன்ஸ்டீனின் 'போட்டெம்கின்' வெளிவந்ததும் கட்டக் பிறந்த 1925-இலேதான். ரஷ்யர் அம்முறையைப் புரட்சிக்குப் பயன்படுத்தினார். நம்மவரோ இழந்ததை நினைவூட்டப் பயன்படுத்தினார். 1960-இல் வந்த 'மேகே டாக்கா தாரா'வைப் பாருங்கள். தொடக்கத்தில் நடந்து செல்லும் நீதாவின் செருப்பு வார் அறுகிறது. குடும்பத்துக்காக உழைத்துத் தேய்ந்து காசநோயில் அவள் வீழ்ந்த பின், இறுதியில் வேறொரு பெண்ணுக்கும் அதே தெருவில் வார் அறுகிறது. அவ்வளவுதான், ஒரு சொல்கூட வேண்டியிருக்கவில்லை. தொகுப்பாளர் ரமேஷ் ஜோஷியின் கத்தரிக்கும் இப்புகழில் பங்குண்டு.

வேறு கண்டத்திலும் இக்கலை இவ்வேலையைச் செய்தது. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் மாஸ்கோவில் திரைப்படம் பயின்றவர். 1966-இல் அவரெடுத்த படத்தில், பிரான்சில் வீட்டுவேலை செய்யும் பெண்ணொருத்தியின் நாட்களுக்கிடையே டாக்கர் நகர நினைவுகளைச் செருகிக்கொண்டே போகிறார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். இழப்பு ஒன்றானால் வெட்டும் ஒன்றாகிவிடுகிறது.

'கோமல் காந்தார்' படுதோல்வி கண்டது, கைப்பணமும் போயிற்று. 'சுவர்ணரேகா' முடிந்தும் 1965 வரை பெட்டியிலேயே கிடந்தது. குடியும் நோயும் அவரைத் தின்றன. அதையும் மறைப்பதற்கில்லை. பூனாத் திரைப்படக் கல்லூரியில் சிறிது காலம் துணைமுதல்வராக இருந்தார். 1977-இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் அங்கு அவரிடம் பயின்றவரே! நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வங்கதேசம் பிறந்த பின்னர் அக்கரை சென்று, 'தித்தாஸ்' என்னும் நதியின் கதையை 1973-இல் படமாக்கினார். 1976 பிப்ரவரி 6-இல் மறைந்தபோது வயது ஐம்பதுதான். முழுநீளப் படங்கள் எட்டே. 1952-இல் முடித்த முதற்படம் 'நாகரிக்' அவர் இறந்த பின்னரே, 1977-இல், திரைக்கு வந்தது.

வருகிற பூஜை விடுமுறையில் சியால்டாவில் வண்டியேறி லால்கோலா போவதாக இருக்கிறேன். உடன்வர விரும்பும் நண்பர்கள் விடுதியில் என்னைக் காணலாம்.