செகாவ் பேனாவைக் கீழே வைத்தபோது

சென்ற திங்கள் நம் மன்றத்தின் மலர்க்குழு நண்பர்கள் என் அறைக்கு வந்து கதை கேட்டார்கள். வந்த முதலாண்டில் மலருக்கு இரண்டு கதைகள் கொடுத்தவன் நான். இவ்வாண்டு கொடுக்க ஒன்றும் இல்லை. மேசை அறையைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கதைகளின் தொடக்கங்கள் கிடந்தன. ஒன்றும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நின்றுவிட்டு இரவில் எழுத உட்கார்ந்தால், எழுதிய வரி யாரோ எழுதி வைத்த வரியாகத் தோன்றுகிறது. நாம் எழுதி ஆகப்போவது என்ன என்ற கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டு விடுதியில் இரவு வேளையில் மட்டுமே தமிழ் காதில் விழும் ஊரில் இருந்துகொண்டு தமிழில் கதை எழுதுவோர்க்கு இந்த நோய் புதிதன்று என்று அறிவேன்.

ஆகவே கதைக்குப் பதிலாக, இதே நோயில் விழுந்தவர் ஒருவரின் வாழ்க்கையைத் தருகிறேன். அவரும் நம்மைப்போல் அறிவியல் மாணவராக இருந்தவர்தாம். பெயர் அந்தோன் செகாவ்.

ருஷ்யாவின் தென்கோடியில், அசோவ் கடற்கரையில் தகன்ரோக் என்னும் துறைமுகப் பட்டினத்தில் 1860ஆம் ஆண்டு பிறந்தார். பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டிக் குடும்பத்தின் விடுதலையை வாங்கியவர். தந்தையார் மளிகைக்கடை வைத்திருந்தார்; பக்தி மிக்கவர், பிள்ளைகளை அடிப்பதிலும் குறைவைக்காதவர். 1876இல் கடை நொடித்தது. கடன்காரர்களுக்கு அஞ்சித் தந்தை மாஸ்கோவுக்கு ஓடினார். குடும்பமும் பின்னே சென்றது. பதினாறு வயது அந்தோன் மட்டும் ஊரிலே தங்கி, சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்துப் பள்ளிப்படிப்பை முடித்தார். 1879இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

வீட்டில் வறுமை. பெற்றோரையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பு மாணவர் தலையில் விழுந்தது. நகைச்சுவை இதழ்களுக்குத் துணுக்குகளும் குட்டிக்கதைகளும் எழுதத் தொடங்கினார். வரிக்கு இத்தனை கோப்பெக் என்று கூலி. கதை நூறு வரியை மீறக்கூடாது என்பது இதழாசிரியரின் கட்டளை. சொந்தப் பெயரைக்கூட அவற்றுக்குக் கொடுக்கவில்லை. அந்தோஷா செகோந்தே என்ற வேடிக்கைப் பெயரில் எழுதினார். 1884இல் மருத்துவர் ஆனார். அந்த ஆண்டின் இறுதியிலேயே இருமலில் இரத்தம் கண்டது. மருத்துவர்க்கு அதன் பொருள் தெரியாமல் இராது. ஆயினும் பல ஆண்டுகள் பிறரிடம் தம் உடலைக் காட்டிச் சோதித்துக்கொள்ளவே இல்லை.

காசுக்கு எழுதுவதை இழிவாகப் பேசுவோர் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு வரிக்குள் ஓர் ஆளையும் ஒரு தெருவையும் ஒரு துன்பத்தையும் அடக்கும் கலையை அந்தக் கூலிதான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

அவரைத் தடுமாற வைத்தது இகழ்ச்சியன்று, புகழ்ச்சி! 1886இல் கிரிகரோவிச் என்னும் மூத்த எழுத்தாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உமக்கு உண்மையான ஆற்றல் இருக்கிறது, அவசர வேலையை விட்டுவிடும், பட்டினி கிடந்தாலும் அந்த ஆற்றலை மதித்து எழுதும் என்பது அதன் கருத்து. செகாவ் நெகிழ்ந்து போனார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் தாம் செலவிட்டதில்லை என்று விடையில் ஒப்புக்கொண்டார். அதுவரை மூச்சு விடுவதைப்போல எழுதியவர் அன்றுமுதல் ஒவ்வொரு வரியையும் ஐயத்தோடு பார்க்கலானார். 1886இல் நூற்றுக்கு மேல் எழுதியவர் 1888இல் எழுதியவை ஒரு டஜன் அளவே. அவற்றுள் 'புல்வெளி' போன்ற அரிய படைப்பு உண்டு. அவ்வாண்டே அறிவியற் கழகத்தின் புஷ்கின் பரிசில் பாதியாக ஐந்நூறு ரூபிளும் கிடைத்தது. பரிசு வந்ததால் ஐயம் தீரவில்லை. நாவல் ஒன்று எழுதத் தொடங்கினார். அது முடியவே இல்லை.

1889 கோடையில் ஓவியரான அண்ணன் நிக்கொலாய் காசநோயால் இறந்தார். வயது முப்பத்தொன்று. வாரக்கணக்கில் அருகிருந்து மருத்துவம் பார்த்தவர் அந்தோன். ஆனால் உயிர் பிரிந்த பொழுதில் அருகில் இல்லை. அவ்வாண்டு அவர் எழுதிய 'சலிப்பூட்டும் கதை'யில் வருபவர் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர். வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டு, தம் எண்ணங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டும் கயிறு தம்மிடம் இல்லையே என்று இறுதிக்காலத்தில் கண்டுகொள்கிறார். எழுதியவர்க்கு அப்போது வயது இருபத்தொன்பது! ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் மேடையேறிய நாடகமும் தோற்றது.

இந்நிலையில் நாம் என்ன செய்வோம்? கதவைத் தாழிட்டுக்கொண்டு வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்போம். நான் செய்தது அதுதான். செகாவ் செய்தது நண்பர்களுக்கு விளங்கவில்லை. சகலின் தீவுக்குப் போகிறேன் என்றார்.

சகலின் பசிபிக் ஓரத்தில், ஜப்பானுக்கு வடக்கே கிடக்கும் தீவு. ருஷ்ய அரசு கொலைக் குற்றவாளிகளையும் கொள்ளையரையும் கடுங்காவல் தண்டனைக்கு அனுப்பிய இடம். நம் அந்தமானை நினைத்துக்கொள்ளலாம். ஏன் போகிறீர் என்று கேட்டவர்களுக்கு அவர் பலவாறு விடை சொன்னார். மருத்துவத்துக்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்க வேண்டும் என்பார். சோம்பிப் போனேன், ஆறு மாதம் இடைவிடா உழைப்பு வேண்டும் என்பார். சில திங்கள் நூலகத்தில் உட்கார்ந்து சகலினைப் பற்றி வந்த நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்தார். 1890 ஏப்ரலில் புறப்பட்டார்.

சைபீரியாவை ஊடறுக்கும் இருப்புப்பாதை அன்று இல்லை. அதன் வேலை அடுத்த ஆண்டில்தான் தொடங்கியது. ரயிலும் ஆற்றுக் கப்பலும் தியூமென் வரையில். அதன் பின் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் குதிரை வண்டி. பனி உருகிப் பெருகிய ஆறுகள், சேறு, அச்சு முறிந்த வண்டிகள். ஒருநாள் விடியுமுன் எதிரே பாய்ந்து வந்த தபால் வண்டி மோதிக் கவிழ்ந்தார், தப்பியது வியப்பு. வழியில் மீண்டும் இரத்தம் துப்பினார். அமூர் ஆற்றில் கப்பலேறி, புறப்பட்ட மூன்றாம் திங்களில் தீவை அடைந்தார்.

அங்கே அவர் கதை எழுதவில்லை. அட்டை அச்சிட்டார்! தீவின் அச்சகத்திலேயே சிறு அட்டைகள் அடித்துக்கொண்டு, தீவின் மக்கள்தொகையைத் தனி ஒருவராகக் கணக்கெடுக்கத் துணிந்தார். குடியிருப்பின் பெயர், வீட்டு எண், கைதியா குடியேறியவரா என்பது, பெயர், வயது, சமயம், பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு, திருமணம், நோய் என்று அட்டையில் வரிசையாகக் கேள்விகள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுவார். குடிசை குடிசையாக நடப்பார். மிகச் சில தவிர அட்டைகளைத் தம் கையால் நிரப்புவார். மூன்று திங்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் அட்டைகள். அரசியற் கைதிகளோடு பேச மட்டும் அனுமதி இல்லை. மற்றவர்களுள் தாம் பேசாத கைதியோ குடியேறியவரோ தீவில் இல்லை என்று பின்னாளில் சொல்லிக்கொண்டார்.

அறிவியல் மாணவனாக நான் இக்கணக்கைக் குறை சொல்ல முடியும். ஒரே ஆள், குறுகிய காலம், சரிபார்க்க இரண்டாம் கை இல்லை. இதை அவரே அறிவார். கணக்கின் முடிவைவிட, கணக்கெடுக்கும்போது மனத்தில் பதிவனவே தமக்கு முதன்மை என்று தம் நூலில் வெளிப்படையாகக் கூறிவிட்டார். அட்டை ஒரு சாக்கு. அதைக் கையில் பிடித்துக்கொண்டால் எந்தக் குடிசைக்குள்ளும் நுழையலாம், எவரிடமும் பேசலாம். நான் நல்ல எழுத்தாளனா என்ற கேள்விக்கு அந்த அட்டையில் இடமே இல்லை. எதிரில் நிற்பவனின் ஊர் எது, எழுதப் படிக்கத் தெரியுமா, இவ்வளவே கேள்வி. தன்னையே பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கண்ணுக்கு இது எத்தகைய ஓய்வாக இருந்திருக்கும்! ஆனால் அவர் கண்ட காட்சிகள் ஓய்வு தருவன அல்ல. ஒரு கைதிக்குத் தொண்ணூறு கசையடி கொடுப்பதைப் பார்க்க நேர்ந்தது. முழுவதும் பார்க்க மாட்டாமல் இடையில் வெளியே சென்று திரும்பி வந்தார். அக்காட்சி பல இரவுகள் அவரை உறங்கவிடவில்லை.

அக்டோபரில் கடல்வழியே திரும்பினார். ஹாங்காங், சிங்கப்பூர், பிறகு இலங்கை. சிங்கப்பூருக்கு வரும் வழியில் கப்பலில் இருவர் இறந்தனர். உடல்களைப் பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இட்டார்கள். நவம்பரில் கொழும்பு வந்து சேர்ந்தார். ரயிலேறிக் கண்டியையும் பார்த்தார். சகலினை நரகம் என்றவர்க்கு இலங்கை சொர்க்கமாகத் தோன்றியது. கீரிப்பிள்ளைகள் வாங்கிக்கொண்டார் என்பது சுவையான செய்தி. அவற்றுள் ஒன்று கீரியே அன்று, மரநாய் என்பது பிறகுதான் தெரிந்தது. விலங்கியல் படிக்கும் நம் நண்பர்கள் சிரிக்கலாம். உண்மைக் கீரி மாஸ்கோ வீட்டில் பாத்திரம் பண்டங்களை உடைத்துக்கொண்டு சில காலம் வாழ்ந்து, பின்னர் விலங்குக் காட்சிசாலைக்குப் போயிற்று.

கீரிகளோடு ஒரு கதையும் உடன் வந்தது. கிழக்குக் கோடியிலிருந்து ஊர் திரும்பும் நோயாளிப் படைவீரன் ஒருவன், கப்பலிலேயே இறந்து கடலில் இடப்படுகிறான். 'குசேவ்' என்பது கதையின் பெயர். 1890 டிசம்பரில் அது வெளிவந்தபோது அடியில் கொழும்பு என்று ஊர்ப்பெயர் இருந்தது. அறிஞர்கள் அக்கதையைப் பல கோணங்களில் ஆராய்ந்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஊர்ப்பெயரே போதும். பலநாள் அடைத்திருந்த ஊற்று நம்மவர் காலகாலமாக வாழும் அந்தக் கரையருகே கசியத் தொடங்கியது என்பதில் ஒரு சிறு மகிழ்ச்சி.

ஐயம் அதோடு ஒழிந்தது என்று எண்ண வேண்டா. சகலினைப் பற்றிய நூலை எழுதி முடிக்க ஆண்டுகள் பிடித்தன, 1895இல்தான் நூலாயிற்று. அதை மருத்துவ ஆய்வுரையாக ஏற்கச் செய்து அவரைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக்க நண்பர் ஒருவர் முயன்றார். துறைத்தலைவர் இணங்கவில்லை. ஆய்வுரை எழுதும் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்க. தம் எழுத்து ஏழாண்டுகளுக்குமேல் படிக்கப்படாது என்று செகாவ் பின்னாளிலும் சொல்லிவந்தார்.

ஆனால் வேலைமுறை மாறிவிட்டது. 1892இல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகவோ என்னும் சிற்றூரில் நிலம் வாங்கிக் குடியேறினார். அவ்வாண்டே காலரா பரவியது. இருபத்தைந்து ஊர்கள், நான்கு ஆலைகள், ஒரு மடம் ஆகியவற்றின் மருத்துவப் பொறுப்பை ஊதியம் இல்லாமல் ஏற்றார். எழுத நேரமில்லை என்று முறையிட்டுக்கொண்டே இருந்தார். அதே ஆண்டில் வெளிவந்தது 'ஆறாவது வார்டு'. பூட்டிய கம்பிக்குப் பின்னால் மனிதர் அடிபடுவதை எழுதிய கை, சகலினில் அட்டை நிரப்பிய கை அல்லவா? பின்னர்ச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிகள் கட்டுவித்தார். 1897இல் ருஷ்யா முழுவதற்குமான முதல் குடிக்கணக்கு நடந்தபோது, மறுபடியும் கணக்கெடுப்பில் இறங்கினார். 'குடியானவர்கள்' என்ற கதை அவ்வாண்டில் வந்தது. இடையே 1896இல் 'கடற்பறவை' நாடகம் பீட்டர்ஸ்பர்க்கில் படுதோல்வி அடைந்தது. அரங்கை விட்டு வெளியேறி இரவில் தெருக்களில் அலைந்தார். இனி நாடகமே எழுதுவதில்லை என்றார். ஈராண்டுகள் கழித்து மாஸ்கோ கலை அரங்கத்தார் அதே நாடகத்தை வற்புறுத்திக் கேட்டு வாங்கி வென்றுகாட்டினார்கள். இக்கதை பலரும் அறிந்தது.

1897இல் உணவுவிடுதியில் இரத்தம் பெருக்கெடுத்தது. அப்போதுதான் முறையாகச் சோதனைக்கு உட்பட்டார். மருத்துவத் தொழிலை விடச் சொன்னார்கள். தென்கடற்கரையில் யால்டாவில் வாழச் சொன்னார்கள். அங்கே எழுத்து மிக மெதுவாயிற்று. 'நாய்க்காரச் சீமாட்டி' 1899இல் வந்தது. ஒரு பேராயரின் கடைசி நாட்களைப் பற்றிய கதை பதினைந்து ஆண்டுகளாக அவர் மனத்தில் கிடந்தது. இதழுக்கு 1899இல் வாக்களித்து, 1902இல்தான் கொடுத்தார். இதழாசிரியர்கள் பொறுத்திருந்தார்கள். நம் மலர்க்குழுவினர் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டுகிறேன். இறுதிக் கதையான 'மணப்பெண்'ணை அச்சுப்படியிலும் விடாமல் திருத்தினார்; அது 1903 டிசம்பரில் வெளிவந்தது. ஒரு நாளில் நூறு வரிக் கதையை முடித்தவர், கடைசிக் காலத்தில் நாளுக்குச் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் அந்த இடத்திலிருந்து தொடர்ந்தார். 1904 ஜூலையில் ஜெர்மனியில், நாற்பத்து நான்காம் வயதில் இறந்தார்.

சகலின் அட்டைகளில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை அழியாமல் இருக்கின்றன. பெயர், வயது, பிறந்த ஊர், வந்த ஆண்டு, எழுதப் படிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு விடை. பெரும்பாலும் அவர் கையெழுத்தில்.