ஷெவ்ரோல் என்னும் வர்ணசாஸ்திரி

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலகத்தார் கொள்கை. பிறர் சாட்சியை எளிதில் நம்பாதவரும் தம் கண்ணின் சாட்சியை ஐயுறுவதில்லை. ஆயினும் பழுதற்ற கண்ணும் அயலிலுள்ள பொருளின் சார்பினால் ஒரு நிறத்தை வேறொன்றாகக் காணக்கூடும். இதனை முறைப்பட ஆராய்ந்து நிறுவியவர் பிரான்சு தேசத்து மிஷேல் ஷெவ்ரோல் ஆவர். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1786-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி ஆன்ஷே நகரத்தில் ஒரு வைத்தியருக்குப் புதல்வராய்த் தோன்றினார். 1803-ல் பாரிஸ் சேர்ந்து, வோக்லென் என்னும் இரசாயன ஆசிரியரிடம் பயின்றார். கொழுப்புகளின் இயல்பையும், அவை சோப்பாக மாறும் விதத்தையும் பல்லாண்டு ஆராய்ந்து, 1823-ல் ஒரு பெருநூல் வெளியிட்டார். புகையும் நாற்றமும் மிக்க பழைய கொழுப்புவர்த்திகளை நீக்கி, நல்ல வர்த்திகள் செய்யும் வழி இவ்வாராய்ச்சியினின்று பிறந்தது.

1824-ல் அரசாங்கத்துக்குரிய கோபெலின் நெசவுசாலையில் சாயப்பகுதிக்குத் தலைவராக நியமிக்கப்பெற்றார். ஓவியங்களை நூலால் நெய்து சித்திரத் திரைகளாக்குவதில் அச்சாலை பெயர்பெற்றது. அங்கே இவருக்கு முன் பல முறையீடுகள் வந்தன. சில சாயங்கள் நிலைப்பதில்லை என்ற குறை நியாயமானதே. ஆனால் நீல ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலைக் காட்டுவதற்கு இட்ட கறுப்பு நூல் வலிமையற்று வெளிறித் தோன்றுகின்றது என்ற குறையோ வேறு வகையினது. பழியெல்லாம் சாயம் தோய்ப்பவர் தலையில் விழுந்தது.

ஷெவ்ரோல் எவரையும் கடிந்தாரல்லர். பிரான்சிலும் பிற நாடுகளிலும் புகழ்பெற்ற சாயச்சாலைகளிலிருந்து கறுப்புக் கம்பளி நூல்களை வருவித்துத் தம் சாலை நூலோடு ஒப்பிட்டார். தம் நூல் சிறிதும் தாழ்ந்ததன்று. குற்றம் சாயத்தொட்டியில் இல்லை. நீலமும் ஊதாவும் அருகே நின்றமையால் கறுப்பு தன் ஆழத்தை இழந்ததுபோற் காணப்பட்டது என்று கண்டார்.

இதிலிருந்து அவர் வகுத்த விதி யாதெனின், அடுத்தடுத்து நிற்கும் இரு நிறங்களைக் கண் ஒருங்கே காணுங்கால், அவற்றின் வேற்றுமையை மிகுத்தே காணும் என்பதாம். ஒவ்வொரு நிறமும் தன் அயல்நிறத்துக்கு எதிரான சாயலைச் சிறிது ஏற்கும். சிவப்பின் அருகில் நின்றது பசுமை தட்டும். நீலத்தின் அருகில் நின்றது செம்மஞ்சள் தட்டும். ஒரே சாம்பல் நிறத் தாளை இரு துண்டாக்கி, ஒன்றை வெள்ளையின்மேலும் மற்றதைக் கறுப்பின்மேலும் வைத்துப் பார்க்கும் மாணவர், முன்னது கருத்தும் பின்னது வெளுத்தும் தோன்றக் காண்பர்.

இவ்விதி வழக்குத் தீர்க்கவும் உதவிற்று. சிவப்பு, ஊதா, நீலத் துணிகளில் கறுப்புச் சித்திரம் அச்சிடக் கொடுத்த வர்த்தகர் சிலர், சிவப்பின்மேல் பச்சையாகவும், நீலத்தின்மேல் செம்புநிறமாகவும் அச்சிட்டு விட்டதாக அச்சுத்தொழிலாளரோடு பிணங்கினர். ஷெவ்ரோல் சித்திரம் மாத்திரம் தெரியுமாறு வெள்ளைத்தாளை வெட்டித் துணியை மறைத்துக் காட்டினார். எல்லாம் சுத்தக் கறுப்பே. தொழிலாளர் கூலியும் மானமும் ஒரு துண்டுத் தாளினால் காக்கப்பட்டன.

1828-ல் இதுபற்றிய முதற்கட்டுரையைப் படித்த இவர், 1839-ல் விரிந்த நூலை வெளியிட்டார். சாயக்காரர், தோட்டக்காரர், ஓவியர் யாவர்க்கும் அதில் பயனுண்டு. ஸோரா முதலிய ஓவியர், வர்ணங்களைக் கலவாது புள்ளிகளாக அருகருகே வைத்து ஒளிபெறச் செய்த முறைக்கு அந்நூலும் ஒரு மூலமாயிற்று.

கண்ணை ஐயுற்றவர் தம் கையையும் ஐயுற்றார். நூலில் தொங்கவிட்ட குண்டு, பாதரசத்தின்மேல் பிடித்தால் தானே அசையும் என்று பலர் நம்பினர். இவர் கையிலும் அஃது அசைந்தது. பின்பு தம் கண்களைக் கட்டிக்கொண்டு சோதித்தபோது அசைவு நின்றது. எதிர்பார்க்கும் மனமே அறியாமற் கையை அசைக்கின்றது என்று 1833-ல் எழுதினார்.

1886-ல் இவருடைய நூறாம் ஆண்டு நிறைவைத் தேசம் கொண்டாடிற்று. 1889-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ந் தேதி, 102-ம் பிராயத்தில் காலமானார். அவ்வாண்டிலே திறக்கப்பெற்ற ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர் பெயருள் இவர் பெயரும் ஒன்று.

விழித்திரையில் ஓரிடத்து நரம்பின் கிளர்ச்சி பக்கத்து நரம்பின் கிளர்ச்சியைத் தணிக்கின்றது என்றும், மூளையும் சூழலை நோக்கியே நிறத்தைத் துணிகின்றது என்றும் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஷெவ்ரோல் இக்காரணங்களை அறிந்திலர். ஆயினும் சோதித்தறியாமுன் ஒருவன் தொழிலைப் பழித்தல் தகாது என்பதை அறிந்திருந்தார். பிறர் குற்றம் நம் கண்ணுக்குத் தோன்றும்போது, அருகில் நிற்பது யாது என்று வினவி, இடையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பார்க்கும் பொறுமையை நாமும் கைக்கொள்வோமாக.