காசிக்குக் கோயில் தந்த அகல்யா

காசி! இந்த இரண்டெழுத்தைச் சொன்னதுமே மனசுக்குள் ஓர் ஏக்கம் எழுகிறதல்லவா? பிள்ளையின் படிப்பு முடியட்டும், பெண்ணின் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ஒருநாள் கணவரோடு ரயிலேறுகிறீர்கள். கங்கையில் முழுகி, ஈரத் தலையோடு கூட்டத்தில் நகர்ந்து, வெள்ளித் தொட்டிக்குள் எழுந்தருளியிருக்கும் விஸ்வநாதரைக் கண்குளிரத் தரிசிக்கிறீர்கள்.

அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்ன வேண்டிக்கொள்வீர்கள்! கணவருக்கு ஆயுள், பிள்ளைக்கு நல்ல வேலை, பேரனுக்கு ஆரோக்கியம்... நீங்கள் நின்று வேண்டும் அந்தக் கோயிலைக் கட்டிக் கொடுத்தவரும் ஒரு பெண்தான். கோயில் எழுந்தபோது அவருக்குக் கணவர் இல்லை. பெற்ற மகனும் இல்லை. அவர்தான் ராணி அகல்யாபாய் ஹோல்கர்.

மகாராஷ்டிரத்தில் சௌண்டி என்ற சின்னக் கிராமம். அங்கே ஊர்த் தலைவராக இருந்த மான்கோஜி ஷிண்டேயின் மகளாக 1725-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி பிறந்தார் அகல்யா. பெண்களுக்கு எழுத்தறிவு வாய்க்காத அந்தக் காலத்தில், மகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார் தந்தை. ஒருமுறை அந்த வழியாகப் பயணம் செய்த மராட்டியத் தளபதி மல்ஹார்ராவ் ஹோல்கர், கோயிலில் தொண்டு செய்துகொண்டிருந்த அந்தச் சிறுமியைக் கண்டார். இவளே தன் வீட்டு மருமகள் என்று முடிவு செய்துவிட்டார் என்பார்கள். 1733-ல் அவருடைய மகன் கண்டேராவுக்கும் அகல்யாவுக்கும் திருமணம் நடந்தது. மகன் மாலேராவ், மகள் முக்தாபாய் என இரண்டு குழந்தைகள்.

1754-ல் பரத்பூருக்கு அருகிலுள்ள கும்ஹேர் கோட்டையை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு பாய்ந்து இறந்தார் கண்டேராவ். அகல்யாவுக்கு அப்போது 29 வயதுகூட நிரம்பவில்லை. அந்தக் கால வழக்கப்படி உடன்கட்டை ஏறத் தயாரானார். மகனைப் பறிகொடுத்த துக்கத்திலும் ஓடிவந்து தடுத்தவர் மாமனார்தான்! இனி நீயே எனக்கு மகன், நீயும் போய்விட்டால் இந்தக் கிழவனுக்கும் இந்த நாட்டுக்கும் யார் கதி என்று கண்ணீர்விட்டுக் கெஞ்சினாராம். மாமனாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உயிரோடிருக்கச் சம்மதித்தார் மருமகள். ஒரு பெரியவர் அன்று சொன்ன அந்த வார்த்தையால்தான் இன்று காசியில் நமக்குக் கோயில் இருக்கிறது.

அதன் பிறகு நாட்டின் வரவு செலவு, படைகளுக்கு வேண்டிய பொருட்கள் என எல்லாவற்றையும் மருமகளிடமே ஒப்படைத்துவிட்டுப் போர்க்களம் போவார் மல்ஹார்ராவ். 1766-ல் அவரும் காலமானார். பட்டத்துக்கு வந்த மகன் மாலேராவ், ஒரு வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. 1767-ல் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனான்.

கணவர், மாமனார், மகன்... மூவரையும் பறிகொடுத்த பெண் என்ன செய்வாள்? இருட்டறையில் முடங்கிக் கிடப்பாள் என்றுதான் ஊர் நினைத்திருக்கும். அகல்யாவோ நாட்டின் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். படைக்குத் துகோஜிராவைத் தலைவராக்கினார். நர்மதைக் கரையிலுள்ள மகேஸ்வரத்தைத் தலைநகராக்கிக்கொண்டு 28 வருஷங்கள் ஆண்டார்.

அவருடைய ஒருநாளை நீங்கள் அறிந்தால் வியந்துபோவீர்கள். பொழுது விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுவார். பூஜை, புராணம் கேட்பது, தானம், அன்னமிடுதல் எல்லாம் முடிந்த பிறகே அவருக்குச் சாப்பாடு. அதுவும் சைவ உணவுதான். பகல் 2 மணிக்குத் தர்பாருக்கு வந்தால் மாலை 6 மணி வரை, யார் வேண்டுமானாலும் வந்து குறை சொல்லலாம். மறுபடி பூஜை. இரவு 9 மணிக்குத் திரும்பவும் நிர்வாகம். படுக்கும்போது மணி 11 ஆகிவிடும். பிற்காலத்தில் அந்தப் பகுதிக்கு அதிகாரியாக வந்த ஆங்கிலேயர் ஜான் மால்கம், அங்கிருந்த மக்களிடம் கேட்டுக் கேட்டு இந்த விவரங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

அரசாணைகளில் தன் பெயரை எழுதாமல், ஸ்ரீசங்கரர் பெயரையே இடுவாராம். நாடு சிவனுடையது, தான் அவருடைய கணக்குப்பிள்ளை என்ற எண்ணம்! ஒருவர் அவரைப் புகழ்ந்து புத்தகம் எழுதிக் கொண்டுவந்தபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை நர்மதையில் போடச் சொல்லிவிட்டார்.

மகேஸ்வரி புடவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூரத் போன்ற ஊர்களிலிருந்து நெசவாளர்களை வரவழைத்து, மகேஸ்வரத்தில் அந்தத் தொழிலுக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான். ஊரெல்லாம் உடுத்தக் கரையிட்ட வண்ணப் புடவைகளை நெய்ய வைத்தவர், தான் மட்டும் கரையில்லாத வெள்ளைப் புடவையே உடுத்தினார்.

இனி காசிக்கு வருவோம். 1669-ல் ஔரங்கசீப்பின் ஆட்சியில் விஸ்வநாதர் கோயில் இடிக்கப்பட்டது. அதன்பின் நூறு வருஷங்களுக்கு மேல், காசிக்குப் போனவர்களுக்குக் கங்கை இருந்தது. விஸ்வநாதருக்கென்று பழையபடி ஒரு பெருங்கோயில் இல்லை. ஞானவாபிக்குப் பக்கத்திலேயே புதிய கோயிலை எழுப்பி, 1780-ல் நிறைவு செய்தார் அகல்யாபாய். இன்று நாம் வழிபடுவது அந்தக் கோயிலைத்தான். விமானத்தில் பளபளக்கும் பொன், பின்னாளில் பஞ்சாப் மன்னர் ரஞ்சித் சிங் தந்தது. 1813-ல் காசியில் சத்திரம் அமைத்த நம் நகரத்தார், விஸ்வநாதர் பூஜைக்கான பொருட்களைச் சம்போ முழக்கத்தோடு ஊர்வலமாகக் கொண்டுசெல்வதும் இந்தக் கோயிலுக்குத்தான்.

மாலையில் கங்கா ஆரத்தி பார்க்க நீங்கள் உட்காரும் தசாஸ்வமேத கட்டத்தின் படிகளிலும் அவருடைய திருப்பணி உண்டு. அவர் பெயரிலேயே ஒரு படித்துறையும் இருக்கிறது. காசியோடு நின்றாரா? 1783-ல் சோமநாதத்தில் புதுக்கோயில். எல்லோராவுக்கு அருகே கிருஷ்ணேஸ்வரர் ஆலயத் திருப்பணி. யாத்ரீகர்கள் போகும் வழியெங்கும் கிணறுகள், சத்திரங்கள்! தென்னாட்டுக் கோயில்களில் அபிஷேகம் செய்யக் கங்கை நீரைத் தவறாமல் அனுப்பி வந்தார். இந்தத் தர்மங்களுக்கெல்லாம் தன் சொந்தப் பங்காக வந்த செல்வத்தையே செலவிட்டார்.

இத்தனை புண்ணியம் செய்தவருக்குச் சோதனை தீர்ந்ததா? இல்லை. ஆசையாக வளர்த்த பேரன் இறந்தான். 1791-ல் மருமகனும் போனார். மகள் முக்தாபாய் உடன்கட்டை ஏறத் துணிந்தாள். எந்தத் தீயிலிருந்து மாமனார் தன்னைக் காப்பாற்றினாரோ, அந்தத் தீயிலிருந்து மகளைக் காப்பாற்றத் தாய் கெஞ்சினார், கதறினார். மகள் கேட்கவில்லை. நர்மதைக் கரையில் அந்தக் கொடுமையைக் கண்ணால் பார்த்த தாய், நீராடிவிட்டு அரண்மனைக்குத் திரும்பி, மூன்று நாட்கள் அன்னம் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பின் எழுந்து, மறுபடியும் மக்கள் முன் வந்து உட்கார்ந்தார்.

காசியில் மணிகர்ணிகை கட்டம் அவரால் புதுப்பிக்கப்பட்டதும் அதே 1791-ல்தான்! யார் யார் வீட்டு உயிர்களோ கரையேறும் அந்தத் துறைக்குப் படிகள் அமைத்துத் தந்தார், தன் வீட்டில் ஒருவரையும் மிச்சம் வைக்காத அந்தத் தாய். 1795 ஆகஸ்ட் 13-ல், எழுபதாவது வயதில் அவரும் இறைவனடி சேர்ந்தார்.

2021 டிசம்பரில் விரிவாகத் திறக்கப்பட்ட காசி விஸ்வநாதர் வளாகத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துவிடாமல், ஒரு நிமிஷம் நின்று கும்பிடுங்கள்.

காசிக்குப் பிறகு கயாவுக்கும் போவீர்களே... அங்கே 1787-ல் விஷ்ணுபாதக் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவரும் அகல்யாபாய்தான். கயா சிராத்தத்தில் கணவர் பிண்டம் வைக்க, அதற்கான அன்னத்தைச் சமைப்பது மனைவியின் பங்கு. பெற்றோர், பாட்டன், பாட்டிக்கு வைத்த பிறகு, நம் வம்சத்தில் வராத வேண்டியவர்களுக்கும், பிண்டமிட ஆளில்லாதவர்களுக்கும் தர்ம பிண்டம் வைப்பார்கள். அகல்யாபாய்க்கு மகனும் இல்லை, பேரனும் இல்லை. அன்னம் வடிக்கும்போது அவரையும் நினைத்து ஒரு கைப்பிடி அரிசி சேர்த்துப் போடுங்கள். அவர் கட்டிய கோயில்களுக்குப் போய்வரும் நாம்தானே அவருடைய பிள்ளைகள்!