நினைவால் நிமிர்ந்த மனிதர்

கால் பழுதுபட்டால் மருத்துவரை நாடுகிறோம், மருந்தை நாடுகிறோம். மனத்தையும் துணைக்கு அழைப்போர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரான மோஷே ஃபெல்டன்கிரைசின் வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள சிலாவூத்தா என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பதினான்கு வயதளவில் வீட்டைப் பிரிந்து பாலஸ்தீனம் சென்று, கூலி வேலை செய்துகொண்டே கல்வி கற்றார். 1929இல் கால்பந்து ஆடியபோது இடது முழங்காலில் பலத்த அடிபட்டது. மறு ஆண்டே, தனக்குத் தானே மனத்தில் கருத்தூட்டிக்கொள்ளும் கூவே என்பாரின் முறையைப் பற்றிய நூலொன்றை எபிரேய மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அடிபட்ட காலும் ஆராயும் மனமும் அன்று முதலே அவரிடம் இணைந்துவிட்டன எனலாம்.

பின்னர் பாரிசில் பொறியியலும் இயற்பியலும் பயின்று, ஜோலியோ கியூரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். ஜூடோக் கலையிலும் தேர்ந்தார். 1940இல் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் புகவே, பிரிட்டனுக்குத் தப்பிச் சென்றார். அங்கே நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, வழுக்கும் கப்பல் தளங்களில் நடந்து நடந்து பழைய காயம் முற்றியது. அறுவைச் சிகிச்சை வெற்றி பெறப் பாதி வாய்ப்பே உண்டு என்றனர் மருத்துவர்கள். தோற்றால் நடையே போய்விடும்! அவர் சிகிச்சையை மறுத்தார். உடற்கூற்று நூல்களைக் கற்றார். எந்த அசைவில் உடலின் பாரம் எங்கே சாய்கிறது என்று பொறுமையோடு கவனித்தார். மெல்ல மெல்ல நடையைச் சீராக்கிக்கொண்டார். அந்த அனுபவத்தின் கனியே 1949இல் வெளிவந்த அவருடைய நூல்.

அவர் வகுத்த பயிற்சியில் என்னைக் கவர்ந்தது ஒன்றுண்டு. படுத்தபடி உடலின் ஒரு பக்கத்தை மெதுவாக அசைக்கச் சொல்வார். மறுபக்கத்தை அசைக்காமல், அசைப்பதாக நினைக்க மட்டும் சொல்வார். பிறகு அசைத்துப் பார்த்தால் அப்பக்கமும் இலகுவாக இயங்கும். இஸ்ரேலின் பிரதமராக இருந்த பென் குரியன் எழுபது வயதில் கடற்கரையில் தலைகீழாக நின்றது இவரிடம் கற்ற பயனால்தான்.

இது மந்திரமன்று. ஓர் அசைவை நினைக்கும்போதும் மூளையின் இயக்கப் பகுதிகள் விழித்தெழுகின்றன என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பக்கவாதத்தால் தள்ளாடுவோருக்கு, நிற்கும் பயிற்சியோடு நினைக்கும் பயிற்சியையும் சேர்த்துத் தரும் வழக்கம் இன்று இயன்முறை மருத்துவத்தில் உண்டு. விழுந்துவிடுவோமோ என அஞ்சுபவர் படுக்கையில் இருந்தபடியே முதல் அடியை மனத்தில் எடுத்து வைக்கலாம் அல்லவா? ஆயினும் நினைவு துணையே; பயிற்சிக்கு மாற்றாகாது.

1984இல் ஃபெல்டன்கிரைஸ் மறைந்தார். வீண் கனவு வேறு, கருத்தூன்றிய கற்பனை வேறு என்பதே அவர் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம். முன்னது நம்மைப் படுக்க வைக்கும்; பின்னது எழுந்து நிற்க வைக்கும்.